கதவுக்கு எத்தனை புள்ளி

சண்டை முடிந்த வருசத்து மாரியில்தான் சாய்ந்தமருது முத்தலிப் வீட்டுக்கு அந்தக் குழப்பம் வந்து சேர்ந்தது. மகள் ஹிமாயாவின் உயர்தரப் பரீட்சை முடிவில் புவியியலுக்கு ஏ, அரசியலுக்கு ஏ, தமிழுக்கு எஸ். எஸ் என்றால் சாதாரண சித்தி. தேறிவிட்டாள், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு கொழும்பில் சட்டம் படிக்கப் போகிறேன் என்று வாய் திறக்க முடியாது.

வேறு பாடத்தில் எஸ் வந்திருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு உலை வைக்கப் போயிருப்பார்கள். தமிழில் வந்ததுதான் எவருக்கும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் எழுதிய கட்டுரைகளை மற்றப் பிள்ளைகள் வாங்கிப் பார்த்துக் கொப்பி அடிப்பார்கள். அதுவும் போக, அவளுடைய உம்மா நஸீறா தமிழ் படிப்பிக்கிற டீச்சர். வருசா வருசம் உயர்தரத் தமிழ் விடைத்தாள் திருத்தப் போகிறவள். மகள் சோதினை எழுதுகிறாள் என்பதால் அந்த வருசம் மட்டும் சட்டப்படி ஒதுங்கி நின்றாள்.

முடிவு வந்த அன்று முத்தலிப் தகரக் கொட்டிலுக்குள் ஒரு போட் இஞ்சினைக் கழற்றிப் போட்டிருந்தான். மாரியில் கடல் குழம்பிக் கிடக்கும். தோணிகளைக் கரையில் இழுத்துவிட்டு, இஞ்சின்களைச் சைக்கிளிலும் லேண்ட் மாஸ்டர் உழவு மெசினிலும் ஏற்றிக்கொண்டு அவனிடம்தான் எல்லாரும் வருவார்கள். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த இஞ்சின்கள் அவை. உப்புத் தின்று, பழுதாகி, ஊரில் பாதிப் பேருடைய பிழைப்பு அந்தக் கொட்டிலுக்குள் நட்டும் போல்ட்டுமாகக் கிடந்தது.

கல்முனையில் ஒரு கொமினிகேசன் கடையில் இணையத்தில் பார்த்து அச்சடித்த முடிவுத் தாளை, மழையில் நனையாமல் அபாயாவுக்குள் செருகிக்கொண்டு ஹிமாயா வந்தாள். வாப்பாவிடம் நீட்டினாள். அவன் கையெல்லாம் கிறீஸ். வாங்காமல் எட்டிப் பார்த்தான்.

"ரெண்டு ஏ இரிக்கி. மற்றது என்ன மகள், அஞ்சா?"

"எஸ் வாப்பா."

"எஸ் எண்டா நல்லமா?"

அவள் வீட்டுக்குள் போய் அறைக்குள் இருந்துகொண்டாள். முத்தலிப் கையைத் துடைத்தபடி குசினிக்குள் வந்தான். நஸீறா சூடை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு அடுப்படியிலேயே குந்திவிட்டாள்.

"எங்கயோ பிழ நடந்திரிக்கி," என்றாள். "கூட்டுறதுல பிழ. இல்லாட்டி ஒரு பக்கத்த பாக்காம உட்டிரிக்காங்க."

"அப்பிடியும் நடக்குமா கா?"

"நடக்காது. ஒராள் திருத்தினத இன்னொராள் பாக்கும். ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் வந்தா மேல இரிக்கிறவர் பாப்பாரு."

"நடக்காதெண்டா மறுகா எப்பிடி நடந்த?"

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

மீள்பரிசீலனைக்குப் போட்டார்கள். மழை விடாமல் பெய்தது. நற்பிட்டிமுனைப் பக்கம் வயலெல்லாம் ஒரே வெள்ளக்காடு. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்மார் நஸீறாவைக் கண்டதும் கதையை மாற்றினார்கள். ஒருத்தி நேரே கேட்டாள், ஊரார் பிள்ளைகளுக்குப் புள்ளி போடுகிற டீச்சருடைய மகளுக்கு இப்படியா என்று. இரக்கமாகத்தான் கேட்டாள். ஆனால் நஸீறாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பதில் வந்தது. ஒற்றை வரி. மாற்றம் இல்லை.

அதற்குப் பிறகுதான் நஸீறா மகளைப் பிடித்து இருத்திக் கேட்டாள்.

"இலக்கணம் எப்பிடிச் செஞ்ச?"

"எல்லாம் சரி உம்மா. நீங்களே கேள்வித்தாளப் பாத்துச் சரியெண்டு சொன்னீங்களே."

"இலக்கியம்?"

"அதும் சரி."

"அப்ப கட்டுர. கட்டுரைக்கி என்ன எழுதின?"

ஹிமாயா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கடல் தரும் செல்வம் எண்டு தலைப்பு."

"அது தெரியும். அதுல என்ன எழுதின எண்டு கேக்கன்."

"நம்மட கதவப் பத்தி."

நஸீறாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் கதவு?"

"முன்கதவு."

வீட்டின் முன்கதவு முதிரை மரம். அந்தத் தெருவில் அப்படி ஒரு கதவு வேறு எவரிடமும் இல்லை. கடல் வந்துபோன மறுநாள் முத்தலிப் இடிந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, வளவில் சேற்றுக்குள் அது மல்லாந்து கிடந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியாது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னான். எவரும் தேடி வரவில்லை. தேடி வருகிறவர்கள் அந்த நாட்களில் கதவையா தேடினார்கள்? வீட்டைத் திருப்பிக் கட்டியபோது அதையே நிலையில் மாட்டினான்.

"அத எழுதிக் காட்டு," என்றாள் நஸீறா. "சோதினையில எழுதின மாதிரியே. ஒரு சொல்லும் மாத்தாம."

"எழுதினது எழுதினதுதான் உம்மா. உடுங்களன்."

"எழுது."

பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எழுத இருந்தவள், பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது எழும்பினாள். நஸீறா தாளை வாங்கிக்கொண்டு யன்னலோரம் போனாள். திருத்துகிற பழக்கத்தில் கை சிவப்புப் பேனையை எடுத்துவிட்டது. பிறகு அதை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

'கடல் எங்களுக்கு மீன் தருகிறது, உப்புத் தருகிறது. எங்கள் வீட்டுக்கு ஒரு கதவும் தந்தது' என்று தொடங்கியிருந்தது கட்டுரை. மீனும் உப்பும் அந்த ஒரு வரியோடு சரி. மிச்சம் முழுக்கக் கதவுதான்.

'கதவின் நடுவில் ஒரு தாமரை செதுக்கியிருந்தது. வாப்பா அதைச் சீவுளியால் சீவி எடுத்தார். சீவிய இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குழி. பின்நேர வெயில் சரிந்து விழும்போது அந்தக் குழிக்குள் நிழல் தேங்கும். அப்போது பூ இன்னும் அங்கே இருப்பதுபோலத் தெரியும். இந்தக் கதவை முன்பு யாரோ சாத்திவிட்டு நித்திரைக்குப் போயிருக்கிறார்கள். இன்றும் எவராவது தட்டினால், கதவைக் கேட்டு வந்துவிட்டார்களோ என்று நான் பயப்படுகிறேன். வராமல் இருக்கிறார்களே என்றும் பயப்படுகிறேன். கடல் தருவதெல்லாம் எவரிடமோ எடுத்ததாக இருந்தால், அதைச் செல்வம் என்று சொல்லலாமா? எனக்குத் தெரியவில்லை.'

அதோடு முடிந்திருந்தது.

நஸீறா திருப்பி வாசித்தாள். அவளுடைய நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஆனால் அது புள்ளி இல்லை. பொருளுக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு என்று மொத்தம் இருபது. தாளின் ஓரத்தில் பதினொன்று என்று எழுதினாள். அழித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினாள். யாரோ பெயர் தெரியாத பிள்ளை எழுதியது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தாள். அப்படி நினைக்க முடியவில்லை. அந்தத் தாமரையை முத்தலிப் சீவியபோது விளக்குமாற்றால் சீவல்களைக் கூட்டி அள்ளியவள் அவள்தான்.

தாளை மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போனாள். திரும்பி வந்தபோது முத்தலிப் அதை வாசித்துக்கொண்டிருந்தான். அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். உதடு அசைந்தது.

"இதையா எழுதின?" என்றான் மகளிடம். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என்ட ஊட்டுக் கதவக் கள்ளக் கதவெண்டு ஊர்பேர் தெரியாத ஆளுக்கு எழுதிக் குடுத்திரிக்காய்."

"கள்ளக் கதவெண்டு நான் எழுதல்ல வாப்பா."

"தாமரையச் சீவினத எழுதிரிக்காய். மறுகா என்ன? பூவும் படமுமா முன்கதவுல வெச்சிக்கிட்டா ஊட்டுக்குள்ள தொழுறது? நான் ஒளிச்சா சீவின? பட்டப்பகல்ல நிண்டு சீவின நான்."

"நான் பிழையெண்டு சொல்லல்லயே."

"அப்ப என்ன சொல்ற?"

"தெரியாதெண்டுதானே எழுதிரிக்கன்."

அவன் தாளை வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனான். அன்றைக்கு வைத்த புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மூடினபடி இருந்தன.

நஸீறாவுக்கு ஒரு யோசனை வந்தது. தன் கையெழுத்தில் கட்டுரையைப் பார்த்து எழுதினாள். பெயர் இல்லை, ஊர் இல்லை. அதை எடுத்துக்கொண்டு மர்சூக் சேரிடம் போனாள். விடைத்தாள் திருத்துகிற இடத்தில் அவளுடைய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் அவர். துணைக்கு உசாந்தினி டீச்சரையும் கூட்டிப் போனாள். உசாந்தினிக்குப் பாண்டிருப்பு, கல்முனைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் ஊர். வருசா வருசம் ஒரே மேசையில், ஒரே பொதியைப் பிரித்து, ஒரே பிளாஸ்க்கில் பிளேன்டீ குடித்துத் திருத்திய பழக்கம்.

"ஒரு புள்ளட கட்டுர," என்றாள் நஸீறா. "நீங்க ரெண்டு பேரும் வேற வேறயாப் புள்ளி போட்டுத் தாங்க. ஏனெண்டு மறுகா சொல்றன்."

மர்சூக் சேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்து முடித்து உடனே போட்டார். ஏழு. உசாந்தினி நேரம் எடுத்தாள். தாளைத் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனாள். பிறகு பதினாறு என்று போட்டாள்.

"பதினாறா?" என்றார் மர்சூக் சேர். "ஒங்களுக்கு என்ன புடிச்ச டீச்சர்? தலைப்பு கடல் தரும் செல்வம். மீன்வளம் எங்க? துறைமுகம் எங்க? முத்து, கனியமணல், சுற்றுலா, ஒண்டுமில்ல. ஒரு கதவு மிதந்து வந்த கத."

"கதவும் கடல் தந்ததுதானே சேர்."

"சரி, முடிவுரையப் பாருங்க. தெரியல்லயாம். சோதினையில ஒரு புள்ள தெரியல்ல எண்டு எழுதினா நான் என்னத்துக்குப் புள்ளி போடுற?"

"தெரியாதத தெரியாதெண்டு இவ்வளவு வடிவா எழுதினதுக்குப் போடுங்க."

மர்சூக் சேர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்டு சொல்றன் கேளுங்க. எனக்கும் நெஞ்சிரிக்கி. இத வாசிக்கக்குள்ள எனக்கும் கஷ்டமாத்தான் போன. ஆனா வவுனியா முகாமுக்குள்ள இருந்து ஒரு புள்ள எழுதின தாள் ஒரு பொதிக்குள்ள வரும். அது ஒங்கட கைக்கு வந்தா அழுதுபோட்டு நிறையப் போடுவீங்க. அழத் தெரியாத ஒராள்ட கைக்குப் போனா? அந்தப் புள்ள என்ன பாவம் செஞ்ச? அதுக்குத்தான் திட்டம் வெச்சிரிக்கி. ஆர்ட கைக்குப் போனாலும் ஒரே புள்ளி விழணும்."

"விழல்லயே சேர்," என்றாள் உசாந்தினி. "இந்தா, ஏழும் பதினாறும் விழுந்திருக்கே."

அவர் கழற்றிய கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். நஸீறா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மர்சூக் சேர் சொன்னது அவள் இத்தனை வருசமும் நம்பிய கதை. புதிதாக வருகிற டீச்சர்மாருக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உசாந்தினி சொன்னதையும் பிழை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு பேரும் சரி என்றால், மகளுக்கு நடந்தது என்ன?

"ஆர்ட கட்டுர இது?" என்றார் அவர்.

"என்ட மகள்ட."

மர்சூக் சேர் ஏழு என்று எழுதிய இடத்தைப் பார்த்தார். "மாத்தச் சொல்றீங்களா?"

"இல்ல சேர். மாத்த வேணாம்," என்றாள் நஸீறா. தாளை வாங்கிக்கொண்டு எழும்பினாள்.

தெருவில் ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நடந்தார்கள். சந்தியில் பஸ் எடுக்க வேண்டிய உசாந்தினி எடுக்கவில்லை.

"நஸீறா டீச்சர், அந்தக் கதவ நான் ஒருக்காப் பாக்கலாமா?"

நஸீறா நின்றுவிட்டாள். உசாந்தினியின் வீட்டையும் கடல் கொண்டுபோனது. அவளுடைய தம்பி துசாந்தும் அதோடுதான் போனான். இத்தனை வருசம் ஒரே மேசையில் இருந்தும் வீட்டைப் பற்றி அவள் கதைத்தது கிடையாது.

"ஒங்கட கதவும் முதிரையா?"

"ஓம். அப்பா வடமுனைக் காட்டில இருந்து மரம் கொண்டு வந்து செய்விச்ச. எங்கட ஊரில அரைவாசிப் பேருக்கு முதிரைதான் டீச்சர். சும்மா பாக்கத்தான் கேக்கன்."

முத்தலிப் கொட்டில் வாசலில் நின்று அவர்கள் வருவதைக் கண்டான். வேற்று மனுசி ஒருத்தி தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைக் கண்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது. கையில் பிடித்திருந்த, நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தான். பக்கத்தில் வரவில்லை.

உசாந்தினி சீவிய இடத்தில் கையை வைத்தாள். கீழே பிணைச்சல் பக்கம் குனிந்து பார்த்தாள். கதவின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஹிமாயா உள்ளே யன்னல் சீலையைப் பிடித்தபடி நின்றாள்.

"எங்கடது இல்ல," என்றாள் உசாந்தினி. "எங்கடதில மயில் இருந்த."

முத்தலிப் இப்போதுதான் வாய் திறந்தான். "மெய்யாவா தங்கச்சி? இருந்தா சொல்லுங்க. அல்லாஹ் மேல ஆணை, இந்த நிமிசமே கழட்டித் தாறன். ஆம்புளைகளக் கூப்பிட்டு ஏத்தி அனுப்புறன்."

"இல்ல அண்ணன். மயில்தான்."

"நான் ஒலிபெருக்கியில சொல்லுவிச்ச நான். ஆரும் வரல்ல."

"ஆர் வருவாங்க அண்ணன்? நாங்க அப்ப கதவையா தேடின?"

நஸீறா தேத்தண்ணி ஊற்றினாள். மாசிச் சம்பலும் பாணும் வைத்தாள். உசாந்தினி தேத்தண்ணியை மட்டும் குடித்தாள். போகும்போது ஹிமாயாவின் தலையைத் தடவி, "நல்லா எழுதியிருக்காய் மகள்," என்றாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போய்விட்டாள்.

அவள் போன பிறகும் முத்தலிப் கதவடியிலேயே நின்றான்.

"அவ பொய் சொல்லிட்டுப் போறாவோ கா?"

"தெரியல்ல."

"மயிலெண்டு சொல்லக்குள்ள என்ட முகத்தப் பாக்கல்ல அவ."

"அழுக வந்திரிக்கும். அதுக்காகவும் பாக்காம உட்டிருக்கலாம்."

"நீ டீச்சர்தானே. ஒரு ஆள்ட கதைய வெச்சி மெய்யா பொய்யா எண்டு ஒனக்கு விளங்காதா?"

நஸீறா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

ஹிமாயா இரண்டாம் தரம் எடுப்பதாக முடிவாயிற்று. அந்த வருசம் முழுக்க நஸீறா மகளைக் கட்டுரை எழுதவைத்தாள். காடுகளின் பயன், நூலகம், சமாதானம், தொலைபேசி. முன்னுரை, பொருள், முடிவுரை. ஹிமாயா மறுபேச்சில்லாமல் எழுதினாள். எல்லாவற்றுக்கும் பதினேழு, பதினெட்டு விழுந்தது.

ஒருநாள் புள்ளியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "நல்லா இரிக்கா உம்மா?"

"பதினெட்டுப் போட்டிரிக்கனே."

"புள்ளிய இல்ல. நல்லா இரிக்கா எண்டு கேக்கன்."

நஸீறா தாளை இன்னொரு தரம் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வாசித்து முடித்தபோது அதில் என்ன இருந்தது என்று அவளால் ஒன்றையும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. "சோதினைக்கி இது காணும்," என்றாள்.

ஆவணியில் சோதினை நடந்தது. தமிழ் இரண்டாம் தாள் எழுதிவிட்டு வந்தவளிடம் முத்தலிப் ஒன்றும் கேட்கவில்லை. நஸீறாவையும் கேட்கவிடவில்லை. "புள்ளய உடு, அவ வந்து சோறு தின்னட்டும்," என்றான்.

முடிவு வந்தபோது மறுபடி மாரி. இந்தத் தடவை முத்தலிப்தான் கல்முனைக்குப் போனான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளத்தைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தான். வாசலில் நின்றே கத்தினான்.

"தமிழுக்கு ஏ! மூணும் ஏ கா!"

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். முத்தலிப் கொட்டிலில் நின்றவர்களுக்கெல்லாம் சோடா வாங்கிக் கொடுத்தான். நஸீறா மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடிய, ஆவணியிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"கட்டுரைக்கி நான் சொன்ன மாதிரித்தானே எழுதின?"

ஹிமாயா உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாப்பாவைப் பார்த்தாள்.

"கட்டுர முடிக்கல்ல உம்மா."

"என்ன?"

"நேரம் காணல்ல. இலக்கியத்துக்குக் கனக்க எழுதிட்டன். கட்டுரைக்கி முன்னுர மட்டும்தான் எழுதின. மணி அடிச்சிட்டு. தாள வாங்கிட்டாங்க. ஒங்களுக்குச் சொல்லப் பயத்துல பேசாம இருந்த நான்."

நஸீறா கதிரையில் உட்கார்ந்தாள். முன்னுரைக்கு என்ன விழும்? மூன்று? நான்கு? அந்த நாலோடு ஏ வருமென்றால், போன வருசம் கதவுக்கு ஒரு புள்ளியும் போடாமல் விட்டிருந்தாலும் எஸ் வந்திருக்கக் கூடாது. மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். வேறு விதமாகக் கூட்டிப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை.

"அப்ப போன வருசம் கவுத்தது கட்டுர இல்லயா?" என்றான் முத்தலிப்.

"தெரியல்ல."

"அப்ப என்ன?"

"தெரியல்ல எண்டு சொல்றனே."

"நான் இந்தப் புள்ளயோட மாசக்கணக்கா மூஞ்சி குடுத்துக் கதைக்கல்ல. முன்பின் தெரியாத ஒரு மனுசிய வரவழச்சி அழவெச்சம். எல்லாம் அந்தக் கட்டுரையால எண்டு." அவன் தலைத் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவன்போலப் பார்த்தான். "சரி, இந்த ஏயாவது மெய்தானா கா? மறுகா ஆரும் வந்து பிழயாப் போட்டுட்டம் எண்டு கேக்க மாட்டாங்களே?"

நஸீறாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவளுக்கு நிறுத்த முடியாமல் கண்ணீர் வந்தது. ஹிமாயா என்ன செய்வதென்று தெரியாமல் உம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

"கேக்கிறத்துக்கு முன்ன அவளக் கெதியா கொழும்புக்கு அனுப்பிருவம்," என்றாள் நஸீறா.